கரும்பலகையில் நான்கு வரி

கும்பகோணத்தில் அப்பா சரக்கு மாஸ்டராக இருந்த ஹோட்டலின் வாசலில், கல்லாவுக்கு இடப்பக்கம், ஒரு கரும்பலகை தொங்கும். விடிகாலை ஐந்தரைக்கு அதை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு அன்றைய டிபன் வகைகளைச் சாக்பீஸால் எழுத வேண்டும். 1980 முதல், ப்ளஸ் டூ முடித்து ஊரை விட்டுக் கிளம்பிய 1987 வரை, அதை எழுதியவன் நான். பள்ளிக்கூட நோட்டில் எழுதியதெல்லாம் மறந்துபோய்விட்டது. அந்தப் பலகையில் எந்த வரிக்குக் கீழே எந்த வரி வரும் என்பது மட்டும் கண்ணை மூடினால் இப்போதும் வரிசையாக வந்து நிற்கிறது.

முதன்முதலாக எழுதியது 1980 மகாமகத்தின்போது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் கூட்டம். முதல் நாள் ராத்திரியே மகாமகக் குளத்தைச் சுற்றி உள்ள தெருக்களில் கால் வைக்க இடமில்லை. திண்ணையெல்லாம் ஆள் படுத்திருந்தார்கள். வழக்கமாகப் பலகை எழுதும் கணக்குப்பிள்ளை, வீட்டிலிருந்து கடைக்கு வரமுடியாமல் எங்கோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு எடுபிடி வேலை செய்வதற்காக அன்றைக்குக் கடையிலேயே தூங்கியிருந்தேன். முதலாளி சாக்பீஸை வைத்துக்கொண்டு யோசிக்கும்போது அப்பா, "தம்பி கையெழுத்து நல்லாருக்கும், அவனை எழுதச் சொல்லுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரவா தோசை, நெய் ரோஸ்ட், பூரி கிழங்கு என்று வளைத்து வளைத்து எழுதப்போகிறேன் என்று ஸ்டூலில் ஏறி நின்றேன். அப்பா உள்ளேயிருந்து சொன்னது நான்கே வரி. இட்லி. பொங்கல். வடை. காபி.

"அவ்வளவுதானாப்பா?"

"அவ்வளவுதான். கூட்டம் பெருத்தா பலகை சிறுக்கணும்."

அதன் அர்த்தம் அன்றைக்கே சாயங்காலத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது. ஒரு கொப்பரை ஏற்றி இறக்கினால் அறுபது எழுபது இட்லி ஒரே மூச்சில் வந்துவிடும். பொங்கல் அண்டாவோடு நிற்கும். கரண்டியால் அள்ளி இலையில் வைப்பதுதான் வேலை. வடை ஒரு சட்டி எண்ணெய்க்கு இருபது. தோசை அப்படியில்லை. கல்லுக்கு முன்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஒவ்வொன்றாக ஊற்றி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தோசை என்று ஒரு வரியைப் பலகையில் எழுதிவிட்டால், அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் பின்னால் நிற்கும் இரண்டு பேருடைய இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு எத்தனை அண்டா பொங்கல் இறங்கியது என்று எண்ண நேரமில்லை. ராத்திரி அப்பாவின் வலது உள்ளங்கை கரண்டிக் காம்பு பட்டுச் சிவந்து கன்றிப்போயிருந்தது. அம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டாள்.

மறுவாரத்திலிருந்து பலகை எழுதும் வேலை எனக்கே வந்தது. சாதாரண நாள்களில் பதினான்கு வரி. இட்லிதான் எப்போதும் முதலில். அதைக் கீழே இறக்கி எழுதினால் அப்பாவுக்குக் கோபம் வரும். அடுத்து வெண்பொங்கல், மெதுவடை, சாம்பார் வடை, ரவா உப்புமா, கிச்சடி, பூரி கிழங்கு. பிறகு ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குக் கீழே கல்லில் வார்ப்பவை: சாதா தோசை, மசால் தோசை, நெய் ரோஸ்ட், ஊத்தப்பம், ரவா தோசை. கடைசியில் கேசரி, காபி. கோடு போடச் சொன்னது அப்பாதான். மேலே இருப்பதைக் கேட்டால் உடனே வரும், கீழே இருப்பதைக் கேட்டால் காத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கோட்டின் கணக்கு தெரியும். ஏழேகால் பஸ்ஸுக்குப் போகிறவர் கோட்டைத் தாண்டி ஒருநாளும் கண்ணை இறக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இட்லிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'கடப்பா உண்டு' என்று எழுத வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து ஆள்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, அவித்த உருளைக்கிழங்கைக் கையால் உதிர்த்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய், சோம்பு, கசகசா, பூண்டு எல்லாம் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிடுவது. மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி எதுவும் சேராது. இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். குருமா என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனசு வலிக்கும். அது ஏன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "ஆறினா இறுகிடும்டா. பருப்பும் பொட்டுக்கடலையும் சேர்ந்து களி மாதிரி ஆயிடும். அவசரமா வந்து அவசரமா போறவனுக்கு அது சரிப்படாது. ஞாயித்துக்கிழமைதான் ஆளுங்க நிதானமா உக்காந்து சாப்பிடுவாங்க." சட்டியில் அரை மணிக்கொருதரம் வெந்நீர் விட்டு இளக்கிக்கொண்டே இருப்பார். ஒன்பது மணிக்கு மேல் இளக்கினால் ருசி போய்விடும் என்று மீதியைக் கொட்டிவிடச் சொல்வார். முதலாளிக்கு அது பிடிக்காது. ஆனால் அடுப்பங்கரையில் மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான்.

ரவா தோசை வார்ப்பதைப் பார்ப்பதற்காகவே நான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாக்கியிருக்கிறேன். தோசை மாஸ்டர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். பேச்சு குறைவு. நான் 'அண்ணே' என்று கூப்பிட்டால் கண்ணால் மட்டும் கேட்பார். சாதா தோசைக்குக் கல்லில் தண்ணீர் தெளித்து, தென்னந்துடைப்பத்தால் ஒரு கூட்டுக் கூட்டிச் சூட்டைத் தணித்துவிட்டுத்தான் மாவு வைப்பார். ரவா தோசைக்குத் தணிக்கமாட்டார். தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிக் காணாமல்போகும்; அந்தச் சூடு வேண்டும். மாவு நீர்மோர் மாதிரி இருக்கும். ரவையும் அரிசி மாவும் நொடியில் அடியில் போய் உட்கார்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் வாளியின் அடிவரை கரண்டியை விட்டு ஒரு கலக்குக் கலக்க வேண்டும். ஒருதரம் மறந்தால் முதல் தோசை வெறும் தண்ணீர், கடைசித் தோசை வெறும் ரவை. பிறகு குவளையில் மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து, வெளிவட்டத்தில் ஆரம்பித்து உள்ளே உள்ளே வீசி ஊற்றுவார். கரண்டியால் தேய்ப்பதே கிடையாது. மாவு விழுந்த இடமெல்லாம் பொரிந்து கண் கண்ணாகத் திறந்துகொள்ளும். அந்தக் கண்களுக்குள் எண்ணெய் விடுவார். மிளகும் சீரகமும் முந்திரித் துண்டும் எண்ணெயில் வறுபடும் வாசனை தெரு முனைவரைக்கும் போகும். திருப்பிப் போடமாட்டார், ஒரே பக்கம்தான் வேகும். ஓரம் தானாகக் கல்லை விட்டுக் கிளம்பும்வரை தொடாமல் நிற்பார். அந்த நேரத்தில் சாதா தோசை இரண்டு மூன்று எடுத்துவிடலாம். அதனால்தான் எட்டரை மணிக்கு முன்னால் 'ரவா தோசை' என்ற வரியை எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

அப்பா பதினான்கு வயதில், 1956-ல், மாவாட்டுகிற பையனாகச் சேர்ந்தவர். அப்போது மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி ஒன்பது ஆகுமாம். இரண்டு கல், இரண்டு ஆள். உளுந்து ஒருவர், அரிசி ஒருவர். ஆட்டி முடித்த கையால் சோறு பிசைந்து சாப்பிட முடியாது, விரல் மடங்காது என்பார். அந்தக் காலத்துப் பலகையில் எத்தனை வரி என்று கேட்டேன். "பலகையே கிடையாது. இட்லி, தோசை, காபி. எல்லாருக்கும் தெரியும், எதுக்கு எழுதணும்?" கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955-லேயே மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைச் செய்துவிட்டார். ஆனால் அப்பாவின் ஹோட்டலுக்கு அது வந்து சேர்ந்தது நான் பிறந்த வருஷம், 1970-ல். கிரைண்டர் வந்ததும் பலகை வந்தது. மாவாட்டியவர்களில் ஒருவர் பூரிக்கு உருட்டப் போனார். இன்னொருவர் கல்லுக்குப் போனார். ஊத்தப்பமும் நெய் ரோஸ்டும் அப்படித்தான் எங்கள் ஹோட்டலில் வரிகளாகச் சேர்ந்தன. எது எழுதலாம் என்று சாப்பிடுகிறவரின் நாக்கு முடிவு செய்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் பார்த்தவரைக்கும், உள்ளே யாருடைய கை ஓய்ந்திருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

அரிசியும் ஒரு காலத்தில் முடிவு செய்திருக்கிறது. அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. அரிசியை வைத்தே 1967 தேர்தலில் ஆட்சி மாறியது. இட்லிக்கு அரிசி இல்லாத நாள்களில் கோதுமை ரவை உப்புமாவும் பூரியும்தான் காலையில் போட்டதாக அப்பா சொல்வார். பூரியைப் பார்த்து அப்போது முகம் சுளித்தவர்களின் பிள்ளைகள், என் காலத்தில் பூரி கிழங்குக்காக ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றார்கள். பெங்களூரில் எம்.டி.ஆர். ஹோட்டல்காரர்களும் தங்கள் ரவா இட்லிக்கு இதே போன்ற கதையைத்தான் சொல்கிறார்கள்: இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையில் வார்த்துப் பார்த்தது. இல்லாமையில் வந்த பண்டம் பிறகு விருப்பமாக நின்றுவிடுவதை என் ஆயுளிலேயே சில தடவை பார்த்துவிட்டேன்.

1991-ல் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் நான்கு பேர். காலை டிபன் ரத்னா கபேயில். 1948-லிருந்து இருக்கிற கடை. இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, சாம்பாரை ஜக்கிலிருந்து அது முங்கும்வரை ஊற்றுவார்கள். எங்கள் ஊரில் சாம்பார் இட்லிக்குப் பக்கத்தில் வரும்; இங்கே இட்லி சாம்பாருக்குள் போகும். முதல் நாள் எனக்கு அது முறையாகப் படவில்லை. ஒரு மாசத்தில், ஜக்கை இன்னொருதரம் சாய்க்கச் சொல்லிக் கேட்கிற ஆளாகிவிட்டேன். சைதாப்பேட்டையில் நண்பன் ஒருவன் செட் தோசையும் வடகறியும் வாங்கிக்கொடுத்தான். வடையை உதிர்த்துக் குழம்பாக்குவது எனக்கு அதிசயமாக இருந்தது. அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். "மிஞ்சின வடைக்கு நல்ல வழி கண்டுபிடிச்சிருக்காங்க" என்று பதில் வந்தது. அவருக்குக் கண்ணில் படுவது எப்போதும் அடுப்பங்கரைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னை ஹோட்டல்களில் இரண்டு பண்டங்கள் எங்கே பார்த்தாலும் இருந்தன. ஒன்று, கட்டை விரல் நுனி அளவு இட்லிகள் பதினான்கு, நெய் மிதக்கும் சாம்பாரில். இன்னொன்று மினி டிபன். குழி குழியாக உள்ள தட்டில் ஒரு இட்லி, ஒரு கரண்டி பொங்கல், ஒரு வடை, உள்ளங்கை அகலத்தில் மசால் தோசை, ஒரு கரண்டி கேசரி, கூடவே சின்ன டம்ளரில் காபி. அப்பா சென்னைக்கு வந்தபோது வாங்கிக்கொடுத்தேன். தட்டை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது மகாமகக் கணக்குடா" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. தோசையைத் தவிர அதில் இருப்பதெல்லாம் அண்டாவிலும் கொப்பரையிலும் ஏற்கெனவே தயாராக இருப்பது. ஆர்டர் கொடுத்த மூன்றாவது நிமிஷம் தட்டு வந்துவிடும். சாப்பிடுகிறவருக்குப் பலகை முழுவதையும் ருசி பார்த்த திருப்தி. கடைக்காரருக்கு மேசை சீக்கிரம் காலியாகும் நிம்மதி. முப்பது வருஷமாக அது நிலைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது ஒரு நல்ல ஏற்பாடு. குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு வந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு தோசை பெருகியது. பனீர் தோசை, காளான் தோசை, சீஸ் தோசை, நூடுல்ஸ் தோசை, ஸ்பிரிங் தோசை. பொருட்காட்சியில் நூறு வகை தோசை என்று விளக்கு போட்டுக் கடை வைத்தார்கள். மெனு அட்டையில் தோசைக்கு மட்டும் ஒரு பக்கம். எண்ணிப்பார்த்தால் வாளி ஒன்றுதான், மாவு ஒன்றுதான். மேலே தூவுவதுதான் மாறுகிறது. அதே காலத்தில் பலகையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிப் போனவை உப்புமா, அரிசி ரவை உப்புமா, கொத்சு, காலை நேரத்து அடை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டி வேண்டும், தனி ஆள் வேண்டும், தனி நேரம் வேண்டும். வரிகள் கூடக் கூடச் சட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆள் கிடைக்கவில்லை, சம்பளம் கட்டுபடியாகவில்லை, இடத்து வாடகை ஏறிவிட்டது. முதலாளிகளின் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆனாலும் உப்புமா இல்லாத மெனு அட்டையைப் பார்க்கும்போது, குடும்பப் படத்தில் ஒருவரை மட்டும் கத்தரித்து எடுத்ததுபோல இருக்கிறது.

அப்பா வேலையை விட்டதும் இதனால்தான். 2003-ல், அவர் அப்போது இருந்த ஹோட்டலில் மாவை வெளியிலிருந்து வாங்க முடிவு செய்தார்கள். காலை நான்கு மணிக்கு டிரம்மில் மாவு வரும். அப்பாவுக்கு மாவு என்பது முந்தின நாள் சாயங்காலமே தொடங்குகிற வேலை. மார்கழிக் குளிரில் பொங்காது என்று உப்பை முன்னாலேயே போட்டுக் கையால் அடித்துக் கலந்து, பானையை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்துச் சாக்கு போர்த்துவார். சித்திரையில் புளித்துவிடும் என்று ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆட்டச் சொல்வார். மூடியைத் திறந்ததும் வரும் வாசனையை வைத்தே, இன்றைக்கு இட்லிக்கு எவ்வளவு, நாளைய ஊத்தப்பத்துக்கு எவ்வளவு என்று பிரித்துவிடுவார். வந்து இறங்கிய மாவில் அவருக்கு எதுவும் புரியவில்லை. யார் ஆட்டியது, எப்போது ஆட்டியது, என்ன அரிசி? கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மாஸ்டர், ஊத்தி எடுங்க" என்று பதில் சொன்னார்கள். மூன்று மாசம் இருந்து பார்த்தார். வெளியேறும்போது சேர வேண்டிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது. மீதிக்கு ஆறேழு தடவை நடந்தார். பிறகு விட்டுவிட்டார். அந்தப் பணத்தைப் பற்றி அவர் பேசியதில்லை. மாவைப் பற்றித்தான் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த ஆறாவது வாரம் அம்மாவும் அவரும் வாசலில் இட்லிக் கடை போட்டார்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. பலகை கிடையாது. இட்லி, ஒரு சட்னி, ஒரு சாம்பார், ஞாயிற்றுக்கிழமை கடப்பா. பன்னிரண்டு வருஷம் நடத்தினார்கள்.

உப்புமா எங்கே போனது என்று எனக்குத் தெரிந்தது 2023-ல், தங்கை மூலமாக. அவள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அவள் பள்ளியில் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் விடிவதற்கு முன்னாலேயே வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாக, காய்கறி சாம்பாரோடு. புதன்கிழமை பொங்கல் என்றால் பிள்ளைகள் மணி அடிப்பதற்கு அரை மணி முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றாள். "இட்லி போட மாட்டாங்களாண்ணே?" என்று பிள்ளைகள் கேட்பது மாதிரி அவளே கேட்டாள். பக்கத்தில் இருந்த அப்பா, "எப்படிம்மா போட முடியும்? ராத்திரி ஆட்டி வைக்கணும், எட்டு மணி நேரம் பொங்கணும். இது ரவையைக் கொட்டிக் கிளறினா இருபது நிமிஷம்" என்றார். ஹோட்டல்கள் கைவிட்ட வரியைப் பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதித்து ஹோட்டலுக்குப் போகும்போது, சின்ன வயசு ருசி என்று உப்புமாவைக் கேட்பார்கள் என்பது என் நம்பிக்கை.

அதே 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. என் அலுவலகத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்களிலெல்லாம் தினைப் பொங்கல், கம்பு தோசை, கேழ்வரகு இட்லி, சாமை உப்புமா என்று புதுப் பக்கம் சேர்ந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பார்த்தேன். தினைப் பொங்கல் தன் காலில் நிற்கிற பண்டம். அரிசியைவிட வேகமாக வெந்துவிடும், வேகமாக இறுகியும் விடும். தண்ணீரும் நெய்யும் தாராளமாக விட்டு, உடனே பரிமாறினால் மிளகு வாசனையோடு அருமையாக இருக்கிறது. கம்பு தோசையும் நன்றாக வார்த்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பல கடைகளில் 'ஏழு தானிய தோசை' என்பது அதே வாளி மாவில் ஒரு கரண்டி மாவைக் கலந்ததுதான். அதைச் சிறுதானியம் என்று எழுதி இரட்டை விலை வாங்குவது, வயலில் கம்பும் வரகும் விதைக்கிறவருக்குச் செய்யும் அநியாயம். விலையில் அவருக்கு எதுவும் போய்ச் சேராது. வாங்கிச் சாப்பிட்டவரும் 'சிறுதானியம்னா இவ்வளவுதானா' என்று அடுத்த முறை கேட்காமல் போய்விடுவார்.

இப்போது பொடியின் காலம். நெய் பொடி இட்லி, பொடி தோசை, பொடி ஊத்தப்பம். பெங்களூரிலிருந்து வெண்ணெய் தோசையும் கூடவே வந்திருக்கிறது. பொடி நமக்குப் புதுசு இல்லை. ரயிலில் போகும்போது அம்மா இட்லிக்கு இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலையில் கட்டித் தருவாள். சட்னி வழியில் ஊசிப்போகும், சாம்பார் கொட்டும். பொடி ஒன்றும் ஆகாது. இன்றைக்கு ஹோட்டலில் காலை டிபனில் பெரும்பங்கு பைக்கில் பைகளில் போகிறது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்த பிறகு சாம்பாரைக் கட்டிக்கொடுப்பதும் முன்னைவிடச் செலவாகிவிட்டது. முறுகல் தோசை பெட்டிக்குள் போய் அரை மணியில் துணியாகிவிடும். பொடி இட்லிதான் வாசல்வரை போய்ச் சேர்கிறது. ஊர் முழுக்க ரயிலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இறக்கி இரண்டு நிமிஷம்கூட ஆகாத வெறும் இட்லியைப் பிட்டு, அந்த ஆவி முகத்தில் அடிக்கச் சட்னியில் தொட்டுச் சாப்பிடும் சுகத்துக்குப் பழகாமலே ஒரு தலைமுறை வளர்கிறதே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

போன தை மாசம் அப்பாவைக் கும்பகோணத்தில் அந்தப் பழைய ஹோட்டலுக்கு அழைத்துப்போனேன். கை மாறி, பெயர் மாறி, கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். கரும்பலகை தொங்கிய இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. மேசையில் ஒட்டியிருக்கிற கட்டத்தைப் போனுக்குக் காட்டினால் மெனு திறக்கிறது. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, போனில் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. நான் படிக்கப் படிக்கக் கேட்டார். இட்லி எட்டாவது இடத்தில் இருந்தது. எழுபத்து நான்கு வரி முடிந்ததும் கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி எண்ணினார். "அஞ்சு சட்டி, ரெண்டு கல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதான் போயிருந்தோம். ஆனால் கடப்பா எல்லா நாளும் கிடைக்கும் என்று போட்டிருந்தது. சின்னக் கிண்ணத்தில் வந்தது. பருப்பு இருந்தது, கிழங்கு இருந்தது, சோம்பு கொஞ்சம் தூக்கல். மஞ்சள் தூள் போட்டிருந்தார்கள். அப்பா ஒரு இட்லியை அதில் தொட்டு முழுவதும் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ரவா தோசை இருக்கிறதா என்று கேட்டார். பரிமாறிய பையன், "இருபது நிமிஷம் ஆகும் தாத்தா, பரவாயில்லையா?" என்றான்.

"இருக்கோம்பா" என்றார் அப்பா.

உட்காரப் பொறுமையில்லாமல் எழுந்துபோய்ச் சமையலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டார். நானும் பின்னால் போனேன். கல்லுக்கு முன்னால் இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பையன். ஒடிசாக்காரர் என்று பரிமாறியவன் சொன்னான். தண்ணீரைத் தெளித்தார். முத்து முத்தாக உருண்டு ஓடியது. துடைப்பத்தை எடுக்கவில்லை. குவளையை உயர்த்தி வெளிவட்டத்திலிருந்து வீசினார். மாவு விழுந்த இடமெல்லாம் கண் திறந்தது. அப்பா கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்தார். முதல் தோசையை மடித்துத் தட்டில் வைத்ததும், கையைத் தட்டி அந்தப் பையனைக் கூப்பிடப் போனார். அடுத்ததுக்கு முன்னாடி அடியில கலக்குப்பா என்று சொல்லத்தான். அதற்குள் அவர் கரண்டியை வாளியின் அடிவரை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.